ராஜா முகத்தைச் சுற்றி இருந்த குழிகள்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதை யாரிடமும் மறைத்ததில்லை. சிங்காநல்லூரில் ஒரு எனாமல் பட்டறையில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை சுட்டுக்கொண்டிருந்த ஆள், இன்றைக்குப் பெருந்துறையில் இரண்டு ஷெட் போட்டு, வெந்நீர்த் தொட்டிகளுக்கு உள்பூச்சு கொடுத்துக் கப்பலில் அனுப்புகிறேன் என்றால், அது எவர் தயவிலும் வந்ததில்லை. இரும்பின் மேல் கண்ணாடித் தூளைத் தெளித்து உலைக்குள் விட்டால் அது உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் எனாமல். சொல்வதற்கு ஒரு வரி. சரியாக வருவதற்கு எனக்குப் பாதி ஆயுள் ஆனது. என் தொட்டிக்குள் ஊசிமுனை அளவு குறை தெரிந்தால் நானே சுத்தியலை எடுத்து உடைத்துவிடுவேன். அதனால்தான் கடல் தாண்டியும் என் பேருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

அந்தப் பேரைத்தான் போன வருடம் கோழிமுட்டை அளவுகூட இல்லாத ஒரு ராஜா உலுக்கி எடுத்துவிட்டார்.

எங்கள் தொட்டிகளை வாங்குவது ஐரோப்பாவில், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு கம்பெனி. அதை நடத்துகிறவர் ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். கம்பெனியும் அவர்களுடைய தாத்தா காலத்தில் எனாமல் சட்டிகளில் ஆரம்பித்ததுதான். ஒப்பந்தம் புதுப்பிக்க நானும் என் மகனும் போயிருந்தோம். கையெழுத்தெல்லாம் ஆனபிறகு கடைசி நாள் அந்த அம்மா வீட்டில் விருந்து. சாப்பாடு முடிந்ததும், கையகலத்தில் கரும்பச்சைத் தோல் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்று இங்கிலீஷில் பேசினார்கள். மகன் என் காதில் தமிழில் சொன்னான்.

"அப்பா, இவங்க முன்னோர் ஒருத்தரு ரெண்டு ராஜாங்களுக்கு நடுவுல தூது போனவராமாங்க. அதுல ஒரு ராஜா தன்ற மூஞ்சிய எனாமல்ல வரையச் சொல்லி, சுத்தியும் வைரம் பதிச்சு அவருக்குக் குடுத்தாராமா. நம்ம ரெண்டு ஊட்டுக்கும் சோறு போடறது எனாமலுதானுங்களே, அதனால இனி இது உங்க ஊட்ல இருக்கட்டுங்கறாங்க."

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பைக்குள் வைத்தேன்.

அந்த அம்மா அப்படியே நின்றார்கள். சிரித்த முகமாக, ஏதோ மீதி இருப்பதுபோல. நாம் கொண்டுவந்த சீரை எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்து, வெள்ளிக் குத்துவிளக்கையும் சென்னிமலைப் போர்வையையும் எடுத்துக் கொடுத்தேன். உடனே, அத்தனை பேர் முன்னாலும், காகிதத்தை டர்ரென்று கிழித்துவிட்டார்கள். போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுற்றிக் காட்டினார்கள். எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. இவ்வளவு பெரிய வீட்டுக்காரர்கள், இப்படியா அவசரப்படுவது!

"நீங்களும் தொறந்து பாக்கோணுமோ என்னமோங்கப்பா" என்றான் மகன்.

"சும்மா இரு. குடுத்தவங்க மூஞ்சிக்கு முன்னால பிரிச்சா, என்ன பெறும்னு எடை போடறான்னு நெனைக்க மாட்டாங்களா? ஊட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்."

என் அப்பனும் அப்படித்தான், நானும் அப்படித்தான். கல்யாணத்தில் வாங்குகிற பரிசைக்கூட மண்டபத்தில் பிரிக்க மாட்டோம். கொடுத்தவர் போன பிறகுதான் கை வைப்போம். அது மரியாதை.

திரும்பி வரும்போது மகன் பெட்டியைக் கையோடு வைத்துக்கொள்ளச் சொன்னான். எனாமலுக்கு அடிபட்டால் தெறிக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? விமானத்தில் தலைக்கு மேல் பையை எறிகிற எறியைப் பார்த்தவன் நான். பெரிய பெட்டியில், துணிகளுக்கு நடுவில், என் கம்பளி மப்ளரில் சுற்றி வைத்தேன்.

கோயம்புத்தூரில் இறங்கினால் எங்கள் பெரிய பெட்டி வரவில்லை. அடுத்த நாள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பூட்டு பூட்டினபடிதான் இருந்தது.

கூடத்தில் வைத்துத் திறந்தேன். என் வீட்டுக்காரி, மருமகள், மகன் எல்லோரும் சுற்றி நின்றார்கள். உள்ளே வெல்வெட்டில் ராஜா. அடேயப்பா! தொழில் தெரிந்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. கன்னத்தில் ரோஸ் நிறம், கண்ணுக்குள் புள்ளி வெளிச்சம், தோளில் நீலப் பட்டை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு சூடு. ஒன்றைச் சுடும்போது முன்னால் சுட்டது கெட்டுவிடாமல் அத்தனையையும் அந்த இத்துனூண்டு தகட்டில் நிறுத்தியிருக்கிறான். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள்தான் ஓரத்தைப் பார்த்தாள்.

"மாமா, சுத்தியும் வைரம்னு சொன்னாங்கன்னீங்க?"

முகத்தைச் சுற்றி வெள்ளி வளையம். வளையம் முழுக்க வரிசையாகக் குழிகள். கல் பதிக்கிற குழிகள். ஒன்றில்கூடக் கல் இல்லை.

மப்ளரை உதறினோம். வேட்டி, சட்டை, சாக்ஸ், எல்லாவற்றையும் உதறினோம். பெட்டியின் மூலைகளில் விரல் விட்டுத் தடவினோம். ஒரு பொட்டு இல்லை.

"வழியில எவனோ கல்லப் பேத்துப்போட்டானுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

"பூட்டு அப்படியே இருந்துச்சே."

"பேக்கறவன் பூட்டுப் போடத் தெரியாதவனாங்க?"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய்த் தென்னைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்த்தேன். தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. திரும்பி வந்தேன். எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. குழிக்குள் அழுக்கு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும். பழைய அழுக்கு அடைந்திருந்தால் கல் போய் நாளாகிவிட்டது என்று அர்த்தம். உள்ளே பளிச்சென்று இருந்தால் இப்போதுதான் பெயர்த்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் வேண்டாம். லென்ஸை எடுத்துக்கொண்டு வந்தால் பெட்டியில் ராஜா இல்லை.

"எங்க அது?"

"எத்தன பேரு கை பட்டுதோ, ஊட்டுக்குள்ள வெக்கறதுக்கு முன்னால கழுவோணுமல்லங்க" என்று என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து வந்தாள். நகைகளைக் கழுவுகிற மாதிரியே, பூந்திக்கொட்டை ஊற வைத்த தண்ணீரில் போட்டு, பழைய பிரஷ் வைத்து ஒவ்வொரு குழியாகத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து வந்திருந்தாள். குழிகள் எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னின. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சாட்சிதான் போய்விட்டது.

"கேட்டுட்டாப் போச்சுங்கப்பா. ஒரு மெயில் போட்டா நாளைக்குப் பதில் வந்துருது" என்றான் மகன்.

"என்னன்னு கேப்ப?"

"குடுக்கையில கல் இருந்துச்சுங்களான்னு."

"இருந்துச்சுன்னு சொன்னாங்கன்னா? ஒரு ராஜா பொருள உங்ககிட்டக் குடுத்தன், ஊடு போயிச் சேர்றதுக்குள்ள தொலச்சுப்போட்டீங்களேன்னு நெனைப்பாங்க. வித்துப்போட்டு நாடகமாடறான்னும் நெனைப்பாங்க. இல்லைன்னு சொன்னாங்கன்னா? சும்மா குடுத்தத வாங்கிட்டுப்போயி, கல்லு ஏன் வெக்கலைன்னு கேக்கறான் பாருன்னு நெனைப்பாங்க. எந்தப் பக்கம் போனாலும் எம்பேரு போச்சு."

அங்கேயே பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்று மகன் முகத்தில் எழுதியிருந்தது. சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

மருமகள் படித்தவள். கம்ப்யூட்டரில் தேடிப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"மாமா, அந்தக் காலத்துல இது பெரிய வழக்கமாமாங்க. தூது வந்தவரு திரும்பிப் போகையில, ராஜா தன்ற மூஞ்சிய இப்படி எனாமல்ல எழுதி, வைரங்கட்டிக் குடுத்தனுப்புவாராமா. ஆளுக்கு என்ன மதிப்போ அதுக்குத் தக்க வைரமுங்க. பெரிய ராஜாவோட தூதருன்னா பெரிய கல்லு. சின்ன ஆளுன்னா சின்னக் கல்லு. குடுத்த கல்லை வெச்சே, யாரு யார எவ்வளவு மதிக்கறாங்கன்னு மத்த அரமனையில கணக்குப் போட்டுக்குவாங்களாமா."

"செரி, கல்லு எங்க போகும்?"

"நெறையப் பேரு கழட்டி வித்துருவாங்களாமாங்க. ஊருக்குப் போறதுக்குச் செலவு வேணுமல்லங்க. மூஞ்சிய மட்டும் வெச்சுக்குவாங்க. சில பேரு படத்தோடயே அரமனை நகைக்காரர்கிட்டத் திருப்பி வித்துருவாங்களாமா. அரமனையில அதையே அடுத்து வர்ற தூதருக்குத் தூக்கிக் குடுத்துருவாங்களாமா."

நம்மூர்க் கல்யாணங்களில் ஒரே சுவர்க்கடிகாரம் பிரிக்காத காகிதத்தோடு வீடு வீடாகச் சுற்றுவது ஞாபகம் வந்தது. ராஜாக்களும் நம்மைப் போலத்தான் என்று சிரித்தேன். சிரிப்பு கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"அப்ப இதுலயும் அப்பவே கழட்டியிருப்பாங்கங்கற?"

"இருக்கலாமுங்க மாமா."

இருக்கலாம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தொட்டிக்கு உத்தரவாதம் கொடுக்கும்போது கசியாமல் இருக்கலாம் என்றா எழுதிக் கொடுக்கிறேன்?

அந்த வாரமே மெயில் வந்தது. பெருந்துறையில் புது உலை போட்டிருந்தோம். அதைப் பற்ற வைக்கிற நாளுக்கு அந்த அம்மாவே வருகிறார்களாம். கீழே ஒரு வரி: ராஜா உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஷெட்டில் நின்றால் தொட்டிகளின் வாய் எல்லாம் அந்தக் குழிகளாகவே தெரிந்தன. ஆசையாக இருக்கிறது என்றால் என்ன ஆசை? கல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆசையா? நான் உண்டாக்கிய பேரை நம்பித்தான் பேங்க்காரன் கடன் தந்தான், நம்பித்தான் சம்பந்தம் பேசினார்கள். ஒரு வெளிநாட்டு அம்மா என் கூடத்தில் நின்று அந்த வளையத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கண்ணைத் திருப்பிக்கொண்டால், அப்புறம் நான் எதை வைத்து நிமிர்ந்து நிற்பது?

ஆகவே கல் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

யாரிடமும் கேட்கவில்லை. கல் இருந்தது என்றால், இதோ இருக்கிறது. கல் இல்லை என்றால், வெறுங்குழியாகக் கொடுத்ததை நான் வைரமாக வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. இப்படி யோசிக்க ஐந்தாவது படித்த மூளைக்குத்தான் வரும் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

பெரிய கடைவீதிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு நகை செய்கிற ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் ராஜாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"யாருங் மொதலாளி இவரு? தலையெல்லாம் சுருட்டி உட்டு, பொம்பளையாட்டம்?"

"அவரு பெரிய ராஜாங்க. நீங்க ஓரத்த மட்டும் பாருங்க. சூடு காட்டீராதீங்க. சூடு பட்டா மூஞ்சி வெடிச்சுரும்."

"எனக்குச் சொல்றீங்களாக்கும்! சூடு இல்லாம, விளிம்ப மடக்கி உட்டுக்கறனுங்க. கல்லு நல்ல கல்லாப் போட்ரலாமுங்களா?"

"என்றகிட்ட இப்படியொரு கேள்வியா?"

விட்டுவிட்டு வர மனசில்லை. அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு குழியிலும் கல்லை இறக்கி, எஃகுக் குச்சியால் ஓரத்தை அழுத்தி அழுத்தி மடக்கினார். அவர் அழுத்தும்போதெல்லாம் என் பல் கிட்டித்தது. அந்த வளையத்துக்கும் ராஜாவின் தாடைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம்தான். நடுவில் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. நான் எழுந்தே விட்டேன்.

"உக்காருங் மொதலாளி. குச்சி வழுக்கிப் பலகையில பட்டுச்சுங்க."

லென்ஸை வாங்கி, தாடை, கழுத்து, நீலப் பட்டை எல்லாம் பார்த்தேன். விரிசல் இல்லை. லென்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் ராஜா தகதகவென்று ஜொலித்தார். வீட்டில் கொண்டுவந்து கூடத்தில், கண்ணாடி அலமாரியில், விளக்கு போட்டு வைத்தேன். என் வீட்டுக்காரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூஞ்சியே தெரியலீங்க. கல்லுதான் தெரியுது" என்றாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த அம்மா வந்தார்கள். உலை பற்ற வைத்தாயிற்று, மாலை மரியாதை ஆயிற்று, தேங்காய் உடைத்ததையெல்லாம் குழந்தை மாதிரி பார்த்தார்கள். மத்தியானம் சாப்பாடு எங்கள் வீட்டில். கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் போய் விளக்கைப் போட்டேன். அலமாரியைக் காட்டினேன்.

சிரித்துக்கொண்டேதான் பக்கத்தில் போனார்கள். குனிந்து பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. காதுமடல் சிவந்து, அந்தச் சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்கியது. அப்புறம் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், மருமகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார்கள். மருமகள் என்னைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு? சொல்லு."

"மாமா… அவங்க குடுத்தது உங்களுக்குப் பத்தலீங்களான்னு கேக்கறாங்க."

"என்னது?"

"குழியா இருந்தது உங்க தகுதிக்குக் கொறச்சல்னு நெனச்சுத்தான் நீங்களா வைரம் வெச்சுட்டீங்களான்னு… அவங்களுக்குச் சங்கட்டமாப் போச்சுங்க மாமா."

அப்படியானால் அவர்கள் கொடுக்கும்போதே கல் இல்லை. அது ஒரு பாறாங்கல் நெஞ்சிலிருந்து இறங்கினது போல. இறங்கின இடத்திலேயே இன்னொரு பாறாங்கல் ஏறி உட்கார்ந்தது. ஆளுக்குத் தக்க வைரம் என்று மருமகள் படித்துச் சொன்னாளே! கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்! நீ எனக்குப் போட்ட மதிப்பு காணாது, என் மதிப்பை நானே போட்டுக்கொண்டேன் பார் என்று அந்த அம்மா முகத்தில் எழுதி ஒட்டினது போல ஆகிவிட்டது.

இதை இனி எந்தக் கல் வைத்து அடைப்பது?

நான் யாரிடமும் விளக்கம் சொல்லி வளர்ந்தவனில்லை. ஆனால் அந்த அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டப் போனதைப் பார்த்ததும் மருமகளிடம் வார்த்தை தானாகக் கொட்டிவிட்டது.

"அம்மணி, சொல்லு. அவங்க ஊட்ல வெச்சு நான் பொட்டியத் தொறக்கலைன்னு சொல்லு. இங்க வந்துதான் தொறந்தன். பெரிய பொட்டி ஒரு நாள் லேட்டா வந்துச்சு. கல்லு வழியில போச்சுன்னு நெனச்சுட்டன். களவு குடுத்த ஆளுன்னு எம்பேரு ஆயிருமேன்னு பயந்துபோயி வெச்சன். ஒண்ணு உடாமச் சொல்லு."

மருமகள் சொன்னாள். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா பையைப் பிடித்த கையோடு என்னையே பார்த்தார்கள்.

"ஏன் தொறக்கலைன்னு கேக்கறாங்க மாமா."

"குடுத்தவங்க முன்னால பிரிக்கறது எங்க ஊர்ல மரியாத இல்லைன்னு சொல்லு."

அதைக் கேட்டதும் அந்த அம்மா சோபாவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிறார்களோ என்று என் வீட்டுக்காரி தண்ணீர் எடுக்க ஓடினாள். பார்த்தால் சிரிப்பு. சிரிப்பு அடங்கி அவர்கள் சொன்னதை மருமகள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் திறந்து பார்ப்பேன், குழியைப் பார்த்து இது என்ன என்று கேட்பேன், அப்போது கல் போன கதையைச் சொல்லலாம் என்று காத்துக்கொண்டே நின்றார்களாம். நான் பேசாமல் பைக்குள் போட்டதும், இந்த ஆளுக்கு நம் பரிசு ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்து மனசு விட்டுப்போனதாம். அவர்கள் ஊரில் கொடுத்ததைத் திறக்காமல் வைத்தால் அப்படித்தான் அர்த்தமாம். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் உலை பற்ற வைக்கிறதைச் சாக்காக வைத்து இவ்வளவு தூரம் வந்தார்களாம்.

கல் போன கதையையும் சொன்னார்கள். அந்தத் தூதர் ஊர் திரும்பும்போது பனிக்காலம். அனுப்பின அரண்மனையிலிருந்து செலவுக்கு எதுவும் வரவில்லை. கூட வந்த வண்டிக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லோரையும் நடுவழியில் விட்டுவிட்டு வர மனசில்லாமல், ஊருக்கு ஊர் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து விற்று, எல்லோரையும் வீடு கொண்டுபோய்ச் சேர்த்தாராம். அதற்குப் பிறகு வசதி வந்தும் அந்தக் குடும்பத்தில் யாரும் குழியை அடைக்கவில்லையாம்.

நான் அலமாரியைத் திறந்து ராஜாவை எடுத்தேன். "நாளைக்கே கழட்டீறனுங்க" என்றேன். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

"கழட்டற கல்லை என்ன பண்ணுவீங்க?" என்றாள் என் வீட்டுக்காரி, தண்ணீர்ச் சொம்போடு. "எனக்குத் தோடு பண்ணிப் போடுங்க. ராஜா போட்டுட்டுக் கழட்டுனதுன்னு நாலு பேருகிட்டச் சொல்லிக்கறன்."

மருமகள் அதையும் சொல்லிவிட்டாள். அந்த அம்மா எழுந்து வந்து என் வீட்டுக்காரியின் காதைத் தொட்டுப் பார்த்து, நல்ல முடிவு என்று தலையாட்டினார்கள். அப்புறம்தான் இலை போட்டோம். எனக்கும் அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

ஆசாரி, "ஏனுங் மொதலாளி, வெச்ச கல்லைக் கழட்டச் சொல்றீங்களே, என்ற வேலையில ஏதாச்சும் கொறையிங்களா?" என்று முகம் வாடிப்போய்த்தான் கழட்டிக் கொடுத்தார். அவருக்கு வேறு ஒருமணி நேரம் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது ராஜா பழையபடி வெறுங்குழிகளோடு அலமாரியில் இருக்கிறார். முகம் நன்றாகத் தெரிகிறது. போன மாதம் மருமகளின் அப்பா வந்திருந்தார். ஊரில் பெரிய ஆள், வாய்விட்டு எதையும் கேட்க மாட்டார். அலமாரி முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். காப்பி குடித்தார். கிளம்பும்போது என் மகனைத் தனியாகக் கார் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவன் திரும்பி வரும்போது வாயை மூடிச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"'மாப்ள, கம்பெனி நல்லாத்தான போயிட்டிருக்குது? ஏதாச்சும் பணமுடையின்னா கூச்சப்படாமச் சொல்லிப்போடுங்க'ங்கறாருங்கப்பா."

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், உட்காருவதற்கு முன்பே அலமாரி பக்கம் கூட்டிக்கொண்டு போய் இந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தலையாட்டிக் கேட்கிறார்கள். நம்புகிறார்களா என்றுதான் தெரியவில்லை.